ஒரே ரத்தம், ரிப்போர்ட்ல ரெண்டு நம்பர்: ஜார்ஜியா வாசகிக்கு ஒரு கிட்னி டாக்டரோட பதில்

கடிதம் ஆறு பக்கம் வந்துச்சு. பேர், ஊர், ஆஸ்பத்திரி எல்லாத்தையும் எடுத்துட்டு சுருக்கித் தர்றேன்.

எழுதினவங்க திருச்சி பக்கத்துல பொறந்தவங்க, 18 வருஷமா அமெரிக்காவுல ஜார்ஜியா மாநிலத்துல இருக்காங்க, ஒரு இன்சூரன்ஸ் கம்பெனியில டேட்டா வேலை. கணவர் ஆப்பிரிக்க அமெரிக்கர், வயசு 54, ஹைஸ்கூல்ல பேண்ட் வாத்தியார். ஒரே பொண்ணு, 14 வயசு. கணவருக்கு ரொம்ப வருஷமா பிரஷர், அதுல கிட்னி போயிடுச்சு, 2020 மார்ச்ல இருந்து வாரத்துல மூணு நாள் டயாலிசிஸ். நடுவுல கொரோனா, இன்சூரன்ஸ் மாத்தம், வீடு மாத்தம்னு இழுத்து 2024லதான் டிரான்ஸ்பிளான்ட் வெயிட்டிங் லிஸ்ட்ல பேர் பதிவாச்சு. போன மாசம் கராஜ்ல இருந்த பழைய பெட்டி ஒண்ணைப் பிரிச்சப்போ 2018 அக்டோபர் ரத்த ரிப்போர்ட் கிடைச்சிருக்கு. அதுல கிரியேட்டினின் (கிட்னி வெளியேத்த வேண்டிய கழிவு) 3.7, கீழ ஈஜிஎஃப்ஆர்னு, அதாவது கிட்னி எவ்வளவு வேலை செய்யுதுங்கிற மதிப்பு, ரெண்டு வரி: "ஆப்பிரிக்க அமெரிக்கர் அல்லாதவர்னா 18", "ஆப்பிரிக்க அமெரிக்கர்னா 21". அன்னைக்கு டாக்டர், "20க்கு மேலதான் இருக்கு, லிஸ்ட்ல போட இன்னும் நேரம் வரலை, மூணு மாசம் கழிச்சு வாங்க"ன்னு அனுப்பிட்டாராம்.

"ஒரே ஊசியில எடுத்த ஒரே ரத்தம் டாக்டர், அவர் தோல் என் கலர்ல இருந்திருந்தா அன்னைக்கே லிஸ்ட்ல போட்டிருப்பாங்களா?"ன்னு கேட்டிருக்காங்க. கூடவே, போன ஆறு வருஷம் திரும்பக் கிடைக்குமா, அந்த டாக்டர் மேல கேஸ் போடலாமா, எல்லா கணக்குலயும் இனத்தைத் தூக்கிட்டா பிரச்சினை தீராதா, நான் கிட்னி கொடுக்கலாமா, சென்னைக்குக் கூட்டிட்டுப் போயிடலாமான்னு வரிசையா கேள்வி. கணவர் மட்டும், "விடு, எனக்கு இது ஒண்ணும் புதுசு இல்ல"ன்னு சொல்லிட்டு டிவி பாக்கப் போயிட்டாராம். அந்த வரி எனக்கு ரொம்ப நேரம் மனசை விட்டுப் போகலை.

தங்கச்சி, உங்க முதல் கேள்விக்கு நேரா பதில் சொல்லிடறேன். ஆமா. அன்னைக்கு இருந்த கணக்குப்படி அதே கிரியேட்டினின், அதே வயசு, அதே ஆம்பளை, ஆனா இனம் வேறன்னா நம்பர் 18, 20க்குக் கீழ, லிஸ்ட்ல சேர தகுதி உண்டு. உங்க வீட்டுக்காரருக்கு 21, தகுதி இல்ல. இதை நான் வெளியில நின்னு வேடிக்கை பாத்த ஆள் மாதிரி சொல்ல முடியாது. நானும் கிட்டத்தட்ட இருபது வருஷம் அந்த ரெண்டாவது வரியைப் படிச்சு நோயாளிங்களைத் திருப்பி அனுப்பினவன்தான், ஏன் ரெண்டு வரி இருக்குன்னு ஒரு நாள் கூட யாரையும் கேட்டதில்ல, படிச்சப்போ அப்படித்தான் சொல்லிக்கொடுத்தாங்க, பரீட்சையில கேட்டாங்க, எழுதினேன், பாஸ் ஆனேன்.

அந்த 21 எங்க இருந்து வந்துச்சு

கிட்னி ஒரு நிமிஷத்துக்கு எவ்வளவு ரத்தத்தை வடிகட்டுதுன்னு நேரா அளக்கணும்னா ஒரு மருந்தை உடம்புல ஏத்தி மணிக்கணக்கா ரத்தம் எடுத்துப் பாக்கணும், எல்லாருக்கும் அது நடக்கிற காரியம் இல்ல. அதனால ரத்தத்துல கிரியேட்டினின் எவ்வளவு தேங்கியிருக்குன்னு பாத்து, வயசு, ஆணா பெண்ணான்னு போட்டு ஒரு ஃபார்முலால மதிப்பு போடறோம். ஈஜிஎஃப்ஆர்ல முதல் எழுத்து 'ஈ'ன்னா உத்தேசம்னு அர்த்தம், அதை எல்லாரும் மறந்துட்டோம். நம்பர் கூட இருந்தா கிட்னி நல்லா இருக்குன்னு அர்த்தம், குறைஞ்சா மோசம்.

1999ல வந்த எம்டிஆர்டி ஃபார்முலாவுக்கு 1,628 நோயாளிங்களோட டேட்டா எடுத்தாங்க, அதுல கருப்பினத்தவங்க 197 பேர்தான். அவங்களுக்கு அதே கிட்னி வேலைக்கு சராசரியா கிரியேட்டினின் கொஞ்சம் கூட இருந்துச்சு. ஏன் கூட இருக்குன்னு சரியா தோண்டிப் பாக்காம, கருப்பினத்தவங்களுக்கு தசை அதிகம், தசையில இருந்துதான கிரியேட்டினின் வருதுன்னு ஒரு விளக்கத்தை ஒட்ட வச்சு, கருப்பினம்னா விடையை சுமாரா 1.2ஆல பெருக்குன்னு எழுதிட்டாங்க. 2009ல வந்த சிகேடி-எபி ஃபார்முலால அந்தப் பெருக்கல் 1.159. உங்க ரிப்போர்ட்ல இருக்கிற 18ஐ 1.159ஆல பெருக்குங்க, 21 வரும். நடந்தது அவ்வளவுதான். ரத்தத்துல எதையும் புதுசா கண்டுபிடிக்கலை, ரிசப்ஷன்ல யாரோ டிக் பண்ணின ஒரு கட்டம் அவரோட கிட்னியை காகிதத்துல 3 பாயிண்ட் நல்லதாக்கிடுச்சு.

ஒல்லியான கருப்பின தாத்தாவுக்கும் அதே 1.159, ஜிம்முக்குப் போற வெள்ளைக்கார பையனுக்குப் பெருக்கலே கிடையாது. தசைதான் காரணம்னா தசையை அளந்திருக்கலாமே? இதை முதல்ல சத்தமா கேட்டவங்க பெரிய புரொஃபசர்ங்க இல்ல, பெரும்பாலும் மெடிக்கல் ஸ்டூடண்ட்ஸ். பாஸ்டன்ல பெத் இஸ்ரேல் டீக்கனஸ் ஆஸ்பத்திரி 2017லயே அந்தப் பெருக்கலை நிறுத்துச்சு, வாஷிங்டன் பல்கலைக்கழக ஆஸ்பத்திரி 2020ல நிறுத்துச்சு. சான் ஃபிரான்சிஸ்கோவுல வனெஸா கிரப்ஸ்னு ஒரு கருப்பின டாக்டர், இதை விடாம எதிர்த்து எழுதினவங்க, அவங்க கதை உங்களுக்குப் பிடிக்கும், தான் காதலிச்சவருக்கு கிட்னி கொடுத்துட்டு, அப்புறம்தான் கிட்னி டாக்டராவே ஆனாங்க. கடைசியா 2021 செப்டம்பர்ல நேஷனல் கிட்னி ஃபவுண்டேஷனும் அமெரிக்க கிட்னி டாக்டர்கள் சங்கமும் சேர்ந்து போட்ட குழு, இனம் இல்லாத புது ஃபார்முலாவுக்கு எல்லாரும் மாறணும்னு சொல்லுச்சு. உங்க கணவரோட 3.7ஐ, அன்னைக்கு இருந்த 47 வயசைப் போட்டு அந்த 2021 ஃபார்முலால நானே கணக்குப் போட்டுப் பாத்தேன். 19 வருது. 20க்குக் கீழ. இந்த 19தான் இப்போ உங்க கையில இருக்கிற சாவி.

ஆறு வருஷம் இல்ல, ஒன்றரை வருஷம்

இங்க உங்க கணக்கைக் கொஞ்சம் திருத்தணும், கோவிச்சுக்காதீங்க. 2018ல போட்டிருக்க வேண்டியது 2024லதான் போட்டாங்க, ஆறு வருஷம் போச்சுன்னு எழுதியிருக்கீங்க. அப்படி இல்ல. 2014 டிசம்பர்ல கிட்னி பங்கீட்டு விதியை மாத்தினப்போ, பெரியவங்களுக்கு எப்போ பதிவு பண்ணினாலும் டயாலிசிஸ் ஆரம்பிச்ச தேதியில இருந்து காத்திருப்பு காலம் எண்ணப்படும்னு ஆயிடுச்சு. அதனால உங்க கணவருக்கு க்யூ ஏற்கனவே 2020 மார்ச்ல இருந்துதான் ஓடுது, அந்த நாலு வருஷம் எங்கயும் போகலை. இதை டிரான்ஸ்பிளான்ட் ஆஸ்பத்திரி கோஆர்டினேட்டர்கிட்ட கேட்டு அவங்க கம்ப்யூட்டர்ல என்ன தேதி இருக்குன்னு எழுத்துல வாங்கிக்கோங்க, தப்பா பதிவான கேஸையும் நான் பாத்திருக்கேன்.

அப்போ உண்மையிலேயே பறிபோனது 2018 அக்டோபர்ல இருந்து 2020 மார்ச் வரைக்கும், 17 மாசம். கம்மின்னு நினைக்காதீங்க, க்யூவுல 17 மாசம்னா பெரிய விஷயம். அதைவிட பெருசு, 18 இருக்கும்போதே பதிவு பண்ணி ஒரு டோனரும் கிடைச்சிருந்தா டயாலிசிஸ் நாற்காலியில உக்காராமலே கிட்னி வச்சிருக்கலாம், அந்த வாய்ப்பை எந்த ஃபார்மும் திருப்பித் தராது, அதை மறைச்சு உங்ககிட்ட ஆறுதல் சொல்ல எனக்கு மனசு வரலை.

ஆனா அந்த 17 மாசத்தைக் கேட்டு வாங்க வழி இருக்கு. உறுப்பு மாற்றுக்கான தேசிய அமைப்பு ஓபிடிஎன், 2022 நடுவுல இனம் சேர்த்த கணக்கை லிஸ்ட்டுக்குப் பயன்படுத்தக்கூடாதுன்னு தடை போட்டுச்சு. 2023 ஜனவரி 5ல இருந்து, பழைய கணக்கால தாமதமான கருப்பின நோயாளிங்களுக்கு காத்திருப்பு காலத்தைத் திருத்தித் தரணும்னு விதி வந்துச்சு, எல்லா ஆஸ்பத்திரியும் தங்க லிஸ்ட்ல இருக்கிறவங்களுக்குத் தகவல் சொல்லி, பழைய ரெக்கார்டைத் தோண்டி ஒரு வருஷத்துக்குள்ள அனுப்பணும்னு சொன்னாங்க. 2024 மார்ச் வரைக்கும் 14,000 பேருக்கு மேல திருத்தம் கிடைச்சிருக்கு, சராசரியா ரெண்டு வருஷம் முன்னாடி நகர்ந்தாங்க. மருத்துவத்துல தப்பு நடந்துச்சுன்னு ஒத்துக்கிறதே அபூர்வம், ஒத்துக்கிட்டு நாளைத் திருப்பிக் கொடுத்தது நான் பாத்த வரைக்கும் இது ஒண்ணுதான்.

நீங்க "அந்த ஒரு வருஷம் 2024 ஜனவரியோட முடிஞ்சு போச்சே, எங்களுக்குக் கதவை சாத்திட்டாங்க"ன்னு எழுதியிருந்தீங்க. அந்த ஒரு வருஷ கெடு ஆஸ்பத்திரிங்க ஏற்கனவே லிஸ்ட்ல இருந்தவங்களைத் தேடிப்போய் செய்யறதுக்கு. அதுக்கு அப்புறம் பதிவானவங்களுக்கும் ஆஸ்பத்திரி விண்ணப்பம் அனுப்பலாம். ஆனா நீங்களோ அவரோ நேரா அனுப்ப முடியாது, டிரான்ஸ்பிளான்ட் ஆஸ்பத்திரிதான் அனுப்பணும், அவங்க மறந்திருந்தா ஞாபகப்படுத்தறது உங்க வேலை.

இந்த வாரம் செய்ய வேண்டியது

அந்த ரிப்போர்ட்டை ஸ்கேன் பண்ணி, "இனம் சேர்த்த ஈஜிஎஃப்ஆரால பாதிக்கப்பட்டவங்களுக்கான காத்திருப்பு கால திருத்தம்"னு தெளிவா தலைப்பு போட்டு கோஆர்டினேட்டருக்கு போர்ட்டல்ல மெசேஜ் அனுப்புங்க. போன்ல சொன்னா காத்துல போயிடும். ரெண்டு வாரத்துல பதில் இல்லன்னா டிரான்ஸ்பிளான்ட் கிட்னி டாக்டர் பேருக்கே அனுப்புங்க. அதுக்கும் பதில் இல்லன்னா ஓபிடிஎன்ல நோயாளிங்களுக்குன்னே தனி போன் லைன் இருக்கு.

அக்டோபர் 2018தான் முதல் தடவை 20க்குக் கீழ போச்சான்னு நமக்குத் தெரியாது. அதுக்கு முந்தின ரிப்போர்ட் கிடைச்சா உங்க தேதி இன்னும் முன்னாடி நகரலாம். பழைய கிளினிக்கும் பழைய லேபும் உங்க கணவரோட ரெக்கார்டை எழுதிக் கேட்டா 30 நாளுக்குள்ள தரணும், ஹிப்பா சட்டப்படி அது அவர் உரிமை, ஒரே ஒரு தடவை இன்னொரு 30 நாள் அவகாசம் எடுத்துக்கலாம். ரொம்பப் பழசானா கிளினிக்குங்க ரெக்கார்டை அழிச்சிடுவாங்க, அதனால கேஸ் பத்தி யோசிக்கிறதுக்கு முன்னாடி இதை முடிங்க. கேட்கிற ஃபார்ம்ல கையெழுத்து அவரோடது, இல்லன்னா உங்களுக்கு எழுதிக்கொடுத்த அனுமதி வேணும்.

இன்னொண்ணு, ஒரே ஆஸ்பத்திரியோட நிக்கணும்னு கட்டாயம் இல்ல, வேற ஏரியாவுல இன்னொரு சென்டர்லயும் பதிவு பண்ணலாம்.

கேஸ் போடலாமா

நான் வக்கீல் இல்ல, ஒரு நல்ல வக்கீலை ஒரு தடவை பாத்துடுங்க, ஆனா ரொம்ப எதிர்பார்ப்போட போகாதீங்க. ஜார்ஜியாவுல மருத்துவத் தவறு வழக்குக்கு பொதுவா ரெண்டு வருஷம்தான் கெடு, எப்போ தெரிய வந்தாலும் சம்பவம் நடந்து அஞ்சு வருஷத்துக்கு மேல போகக்கூடாதுன்னு வெளி எல்லை வேற இருக்கு. 2018 விஷயம் அதைத் தாண்டிடுச்சு. அதோட, அன்னைக்கு நாடு முழுக்க கிட்டத்தட்ட எல்லா டாக்டரும் செஞ்சதைத்தான் அவரும் செஞ்சார், கோர்ட்ல அதுதான் அவருக்குக் கவசம்.

நீங்க அவரை இனவெறியர்னு எழுதியிருக்கீங்க. அவர் மனசுல என்ன இருந்துச்சுன்னு எனக்கும் தெரியாது, ஆனா அதுக்கு அவர் இனவெறியரா இருக்கணும்னு அவசியமே இல்ல. நம்ம ஊர் அரிசிக்கடையில படியோட அடியை உள்பக்கமா தட்டி வச்சிருப்பாங்க, ஞாபகம் இருக்கா? தட்டினது தாத்தா. இன்னைக்கு கல்லாவுல உக்காந்திருக்கிற பேரன் தலை தட்டி நேர்மையாத்தான் அளக்கறான், ஆனா வாங்கிட்டுப் போறவங்களுக்கு ஒவ்வொரு தடவையும் ஒரு கைப்பிடி குறையுது. பேரனைத் திட்டினா ஒரு நாள் சண்டை, படியை மாத்தினாத்தான் அடுத்து வர்றவங்களுக்கு முழு அளவு.

இப்போ நடக்கிற விஷயத்துக்கு சட்டம் கொஞ்சம் மாறியிருக்கு. 2024ல ஏசிஏ (ஒபாமாகேர்) சட்டத்தோட 1557ஆவது பிரிவுக்கு வந்த விதிப்படி, ஃபெடரல் பணம் வாங்கற ஆஸ்பத்திரிங்க தாங்க பயன்படுத்தற கணக்கீட்டுக் கருவிகள்ல இனம் மாதிரி விஷயங்கள் உள்ள இருக்கான்னு தேடிப் பாத்து, பாகுபாடு வராம இருக்க நியாயமான முயற்சி எடுக்கணும், 2025 மே மாசத்துல இருந்து அது அமல். புகார் கொடுக்கணும்னா நடந்த 180 நாளுக்குள்ள கொடுக்கணும். 2018க்கு இது உதவாது, ஆனா இனிமே அவருக்கு யாராவது ஒரு ஸ்கோரைக் காட்டி இல்லைன்னு சொன்னா, "இந்த நம்பர் எப்படி வந்துச்சு, இதுல இனம் இருக்கா"ன்னு கேட்க உங்களுக்கு முழு உரிமை இருக்கு.

"எங்க மாடல்ல இனம்னு ஒரு விவரமே இல்ல"

இந்த வரியைத்தான் நான் ரொம்ப நேரம் பேசணும்னு நினைச்சேன். நீங்க இன்சூரன்ஸ் கம்பெனியில மாடல், அதாவது டேட்டாவை வச்சுக் கணிக்கிற கம்ப்யூட்டர் கணக்கு, போடற ஆள், "நாங்க இனத்தை உள்ள விடறதே இல்ல, அதனால எங்க கணக்கு சுத்தம், எல்லாரும் இப்படி செஞ்சா தீர்ந்துது"ன்னு எழுதியிருக்கீங்க. தங்கச்சி, 2019ல சயன்ஸ் பத்திரிகையில வந்த ஒபர்மேயர் குழுவோட ஆராய்ச்சி உங்க துறையைப் பத்தினதுதான். யாருக்கு கூடுதல் கவனிப்பு, தனி நர்ஸ், அடிக்கடி ஃபாலோ அப் வேணும்னு பொறுக்கி எடுக்கிற ஒரு சாஃப்ட்வேர், இந்த வகைக் கருவிங்க அமெரிக்காவுல வருஷத்துக்கு சுமார் 20 கோடி பேர் மேல ஓடுது. அதுல இனம்ங்கிற விவரமே கிடையாது. ஆனாலும் ஒரே ஸ்கோர் வாங்கின வெள்ளைக்காரங்களைவிட கருப்பினத்தவங்க ரொம்ப அதிக நோயோட இருந்தாங்க. தானா சேர்க்கப்பட்டவங்கள்ல கருப்பினத்தவங்க 17.7 சதவீதம், கணக்கை சரி பண்ணினா அது 46.5 ஆகணும்னு வந்துச்சு.

எப்படி? அந்த சாஃப்ட்வேர் "யாருக்கு நோய் அதிகம்"னு கேட்கலை, "யாருக்கு அடுத்த வருஷம் செலவு அதிகம் ஆகும்"னு கேட்டுச்சு. செலவுதான் சுலபமா கிடைக்கிற டேட்டா. ஆனா செலவாகணும்னா முதல்ல டாக்டர்கிட்ட போயிருக்கணும், லீவு கிடைச்சிருக்கணும், பஸ் இருந்திருக்கணும், போனா மதிச்சு டெஸ்ட் எழுதியிருக்கணும். உங்க கணவரையே எடுத்துக்கோங்க, 2018லயே லிஸ்ட்ல போட்டிருந்தா ஏகப்பட்ட டெஸ்ட், ஏகப்பட்ட பில், மாடல் கண்ணுக்கு அவர் "ஹை ரிஸ்க்". மூணு மாசம் கழிச்சு வாங்கன்னு அனுப்பினதால பில் இல்ல, பில் இல்லாததால நோய் இல்ல. ஒரு கருவி கொடுக்காம விட்டதை அடுத்த கருவி தேவையில்லாததா எடுத்துக்குது. அதனால திங்கக்கிழமை ஆபீஸ் போனதும் உங்க மாடல் எதைக் கணிக்குதுன்னு பாருங்க, உள்ள போற விவரங்களை மட்டும் பாத்தா போதாது. இதை உங்க வேலையில குத்தம் சொல்றதுக்காக எழுதலை, அந்த சீட்ல உக்காந்து பாக்கக்கூடியவங்க நீங்க, நான் இல்ல.

எல்லா இடத்துலயும் இனத்தைத் தூக்கினா நல்லதுன்னும் கண்ணை மூடிட்டு சொல்ல முடியாது. நம்ம ஆளுங்களையே பாருங்க. அமெரிக்காவுல 2013ல இருந்து ஓடின இதய நோய் ரிஸ்க் கணக்குல ரெண்டே பெட்டி, வெள்ளை, கருப்பு. தெற்காசியர்களை வெள்ளைப் பெட்டியிலதான் போட்டாங்க, நமக்கு மாரடைப்பு சின்ன வயசுலயே வர்ற கதை அதுல பதிவாகவே இல்ல, 2018 வழிகாட்டியிலதான் தெற்காசிய வம்சாவளின்னா ரிஸ்க்கைக் கூட்டிப் பாருங்கன்னு சேர்த்தாங்க. சர்க்கரைக்கு டெஸ்ட் பண்ற பிஎம்ஐ அளவை ஆசியர்களுக்கு 25ல இருந்து 23ஆக 2015ல அமெரிக்க டயபிடிஸ் சங்கம் இறக்குனதும் இதே காரணத்துக்குத்தான். நீங்க பிஎம்ஐ 24, எல்லாம் நார்மல்னு எழுதியிருக்கீங்க, ஒரு ஹெச்பிஏ1சி (மூணு மாச சராசரி சர்க்கரை டெஸ்ட்) பாத்துட்டு அப்புறம் நார்மல்னு சொல்லுங்க. ஒரு கணக்குல இனம் யாரையாவது கண்டுபிடிக்க உதவுதா, இல்ல வரிசையில பின்னால தள்ளுதான்னு ஒவ்வொண்ணா பாக்கணும், குறுக்கு வழி கிடையாது.

விரல்ல மாட்டற கிளிப்

நீங்க கேட்கலை, ஆனா சொல்லணும். டயாலிசிஸ் தவறினாலோ தண்ணி கூடினாலோ மூச்சு வாங்கும், அப்போ ஆக்சிஜன் அளக்கற விரல் கிளிப்ல 94 காட்டுதேன்னு வீட்டுல காத்திருக்காதீங்க. அந்த ஆக்சிமீட்டர் வெளிச்சத்தை விரல் வழியா விட்டு அளக்குது, கருத்த தோல்ல கொஞ்சம் கூட்டிக் காட்டற பழக்கம் அதுக்கு உண்டு. மிச்சிகன் பல்கலைக்கழகத்துல பாத்து 2020 டிசம்பர்ல வெளியிட்டாங்க, கிளிப் 92ல இருந்து 96 வரை காட்டினவங்கள்ல உண்மையிலேயே ஆக்சிஜன் ஆபத்தா குறைஞ்சிருந்தவங்க வெள்ளையர்கள்ல 3.6 சதவீதம், கருப்பினத்தவங்கள்ல 11.7. மூச்சு வாங்கினா மூச்சை நம்புங்க, கிளிப்பை நம்பாதீங்க.

உங்க கிட்னி, தம்பி கிட்னி, சென்னை

நீங்க ஏ குரூப், அவர் ஓ குரூப், அதனால கொடுக்க முடியாதுன்னு விட்டுட்டீங்க. நேரா கொடுக்கிறதுதான் சிக்கல். ஜோடி மாத்திக்கிறதுன்னு ஒரு முறை இருக்கு, உங்க கிட்னி இன்னொரு குடும்பத்துக்குப் போகும், அவங்க ஆள் உங்க கணவருக்குக் கொடுப்பாங்க. டோனர் டீம்கிட்ட பேர் கொடுங்க, அவங்க உங்களுக்காக வேலை செய்யற தனி டீம், வேண்டாம்னு தோணினா எந்த நிமிஷமும் விலகலாம், காரணம் வெளியில சொல்ல மாட்டாங்க. உங்க கிரியேட்டினின் 0.6ன்னு சந்தோஷமா எழுதியிருந்தீங்க. ஒல்லியான, சைவம் சாப்பிடற நம்ம ஊர் பொம்பளைங்களுக்கு தசை கம்மியா இருக்கறதாலயே அது குறைவா வரும், ஃபார்முலா உங்க கிட்னியை உள்ளதைவிட நல்லதா காட்டலாம். சிஸ்டாட்டின் சி-ங்கிற டெஸ்ட் தசையைப் பொறுத்து அவ்வளவா மாறாது, அதையும் முடிஞ்சா நேரடி அளவீட்டையும் கேளுங்க. கணவருக்கு நடந்ததோட வேற ஒரு சாயல் இது, கவனிச்சீங்களா?

உங்க கணவரோட தம்பி கொடுக்க முன்வந்தும், கணவர் வேண்டாம்னாராம். தம்பி வந்தா ஏபோஎல்1 ஜீன் டெஸ்ட் பத்தி டாக்டர்கிட்ட பேசச் சொல்லுங்க. மேற்கு ஆப்பிரிக்க வம்சாவளியில சிலருக்கு அந்த ஜீன்ல ரெண்டு மாற்றம் இருக்கும், கிட்னி கெடற வாய்ப்பு கூடும், ஆப்பிரிக்க அமெரிக்கர்கள்ல சுமார் 13 சதவீதம் பேருக்கு அப்படி இருக்கு. மத்த 87 பேருக்கு இல்ல. தோலைப் பாத்து 100 பேரையும் ஒரே நம்பரால பெருக்கறதுக்கும், ரத்தத்துல பாத்து அந்த 13 பேரைக் கண்டுபிடிக்கிறதுக்கும் எவ்வளவு தூரம்னு உங்க கணவர்கிட்ட சொல்லிப் பாருங்க, "திரும்ப இனமா"ன்னு அவர் முறைச்சா அதுதான் பதில்.

சென்னையில நல்ல டிரான்ஸ்பிளான்ட் சென்டர்கள் இருக்கு, சந்தேகம் இல்ல. இந்திய சட்டத்துல மனைவி நெருங்கின உறவுதான், ஆனா வெளிநாட்டுக்காரர் சம்பந்தப்பட்டா அனுமதிக் குழு முன்னாடி கல்யாண சான்றிதழ்ல இருந்து எல்லாம் காட்டி நிக்கணும். அம்மா சொல்ற மாதிரி "தெரிஞ்ச ஆள் மூலமா" யாரோ ஒருத்தர்கிட்ட வாங்கறது குத்தம், அந்தப் பேச்சையே எடுக்காதீங்க. பணம் இன்னொரு விஷயம், அமெரிக்காவுல கிட்னி செயலிழந்தவங்களுக்கு வயசு பாக்காம மெடிகேர்ங்கிற அரசாங்க இன்சூரன்ஸ் உண்டு, அந்த மெடிகேர் சென்னையில செல்லாது. லீவுக்கு ஊருக்குப் போனா க்யூ போயிடுமோன்னு பயப்படாதீங்க, தற்காலிகமா இன்ஆக்டிவ்னு போடுவாங்க, அப்போ கிட்னி வராது, ஆனா நாள் எண்ணிக்கை நிக்காது.

பொண்ணு எந்தக் கட்டத்தை டிக் பண்ணணும்னு கேட்டீங்க. அவளுக்கு எது உண்மையோ அது, ரெண்டும்னா ரெண்டும். மறைச்சா யாரைப் பின்னால தள்ளறாங்கன்னு கண்டுபிடிக்கக்கூட டேட்டா இருக்காது. உங்க ரிப்போர்ட்ல அந்த ரெண்டு வரி அச்சாகி இருந்ததாலதான நீங்களே கண்டுபிடிச்சீங்க. அவளுக்கு வருஷா வருஷம் பிரஷரும், யூரின்ல புரோட்டீனும் பாருங்க, அது எந்த இனத்துக்கும் ஒரே டெஸ்ட்.

கடைசியா உங்க வீட்டுக்காரர். அலபாமாவுல டஸ்கீகில 1932ல இருந்து 1972 வரை கருப்பின ஆம்பளைங்களுக்கு சிஃபிலிஸ் வைத்தியம் பண்ணாம வேடிக்கை பாத்த அரசாங்கம் இது, அது நின்னதே அவர் பொறந்த பிறகுதான், அவர் அப்பா ஆளா இருந்த காலம். இந்த நாட்டு ஜனத்தொகையில 100க்கு 13 பேரா இருக்கிற கருப்பினத்தவங்க டயாலிசிஸ் நாற்காலியில கிட்டத்தட்ட மூணுல ஒரு பங்கு, அவர் வாரத்துல மூணு நாள் சுத்தி உக்காந்திருக்கிறவங்களைப் பாத்துட்டுத்தான் வர்றார். "விடு"ன்னு அவர் சொல்றது சோம்பேறித்தனம் இல்ல, அலுப்பு. அவரை சமாதானப்படுத்த கோவமான கட்டுரைங்களை வாட்ஸ்அப்ல அனுப்பாதீங்க, அவருக்கு அந்தக் கோவம் உங்களைவிட நாப்பது வருஷம் சீனியர். ரிப்போர்ட்டையும் காலண்டரையும் பக்கத்துல வச்சு, இந்த 17 மாசம் உங்களோடது, ஒரு கையெழுத்து போதும், மீதி போன் எல்லாம் நான் பண்றேன்னு சொல்லுங்க. பேண்ட் வாத்தியார், எண்ணிக்கை தப்பினா அவருக்குப் பொறுக்காது.

கராஜ்ல இன்னும் ரெண்டு பெட்டி பிரிக்காம இருக்குன்னு எழுதியிருந்தீங்க. 2018 ஜூலை ரிப்போர்ட் அதுல இருக்கலாம். முதல்ல அதைப் பிரிங்க.